உலோகம் தேடி ஊரைச் சுற்ற ஒரு நாள்

இங்கிலாந்தில் மெட்டல் டிடெக்டரோடு ஊர்ப்பக்கம் ஒரு நாளைக் கழிக்க நினைத்தால், அறுவடை முடிந்த வயல்தான் அருமையான இடம். நில உரிமையாளரின் அனுமதியை முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள். கருவியின் வட்டுப் பகுதியைத் தரையை ஒட்டியே மெதுவாக வீசுங்கள். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் மேல் கொஞ்சம் படியட்டும். அவசரமாக நடந்தால் சின்ன வெள்ளிக் காசுகள் தப்பிவிடும்.

அப்புறம், கிடைத்த நாணயத்தை அங்கேயே தேய்க்காதீர்கள், தயவுசெய்து! ஒட்டியிருக்கும் மண்துகளே அதைக் கீறிவிடும். அழிந்த எழுத்து திரும்ப வராது. மண்ணோடு பையில் போட்டு, எடுத்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். குழியை மூடிவிடுங்கள். 300 ஆண்டுக்கு முந்தைய தங்க, வெள்ளி நகை கிடைத்தால், 1996 புதையல் சட்டப்படி 14 நாளுக்குள் அந்தப் பகுதியில் புதையல்களை விசாரிக்கும் அதிகாரியான கொரோனருக்குத் தெரிவிக்க வேண்டும்.