தென்னமெரிக்கக் கொறித்துண்ணிகள், வளைதோண்டும் பாலூட்டிகள்: புதைபடிவங்களை ஆராயும் முறை

அர்ஜென்டினாவின் பாம்பாஸ் சமவெளியிலோ பத்தகோனியாவிலோ கிடைத்த ஒரு சிறிய தாடை, ஒற்றைப் பல் அல்லது கை எலும்பை ஆராய நேரும்போது, பெரும்பாலானோர் முதலில் கேட்பது "இது எந்த விலங்கு?" என்பதே. வளைதோண்டிகளைப் பொறுத்தவரை அந்தக் கேள்வி இரண்டாவதாக வர வேண்டும். முதலில் கேட்க வேண்டியது, இந்த எலும்பு இந்த அடுக்குக்குள் எப்படி வந்து சேர்ந்தது என்பது. ஆற்றில் அடித்து வரப்பட்ட விலங்கு தான் வாழ்ந்த காலத்து மணலிலேயே புதைகிறது. வளைதோண்டியோ தனக்கு முந்தைய காலத்து மண்ணைத் துளைத்து உள்ளே இறங்கி, அங்கேயே இறந்து, பழைய அடுக்கின் உறுப்பினர் போலவே கிடக்கிறது. இதைக் கவனிக்காமல் சூட்டப்படும் பெயரும் கணிக்கப்படும் வயதும் ஒன்றாகவே தவறிவிடும். ஆகவே இந்த வழிகாட்டி மண்ணில் தொடங்கி, பல்லுக்குப் போய், அதன் பிறகே கைக்கு வருகிறது.

வளையை வாசித்தல்

மார் தெல் பிளாத்தா நகருக்குத் தெற்கேயுள்ள கடலோரச் செங்குத்துச் சரிவுகளில் சபத்மலால் படிவு வெளிப்பட்டிருக்கிறது. காற்றால் கொண்டுவரப்பட்ட நுண்வண்டல் மிகுந்த இந்தப் பிளியோசீன் காலப் படிவில், மண் நிரம்பிக் கெட்டிப்பட்ட பழைய வளைகள் ஏராளம். புவியியலாளர்கள் இவற்றைக் குரோட்டோவினா என்பார்கள். இன்றைய துக்கோ-துக்கோ என்னும் வளைதோண்டும் கொறித்துண்ணியின் அழிந்துபோன உறவினமான ஆக்டெனோமிஸ், தன் வளைக்குள்ளேயே எலும்புக்கூடாகக் கிடப்பதை இங்கே ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வளையையும் அதைத் தோண்டிய விலங்கையும் சேர்த்துப் படிக்க இதைவிடச் சிறந்த இடம் அக்கண்டத்தில் அரிது என்பது என் கருத்து.

சரிவில் வட்டமாகவோ நீள்வட்டமாகவோ ஒரு நிறமாற்றம் தெரிந்தால், எலும்பைத் தேடிக் கிளறாமல், முதலில் அந்த வெட்டுமுகத்தின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து, அளவுகோலுடன் படம் எடுக்க வேண்டும். உள்நிரப்பின் நிறம், மணற்பருமன், அதில் மெல்லிய படலங்கள் உள்ளனவா என்பதைச் சூழ்ந்துள்ள மண்ணோடு ஒப்பிட்டு எழுத வேண்டும். படலம் படலமாக அமைந்த நிரப்பு, விலங்கு கைவிட்ட பிறகு நீரோடு கசிந்து வந்த வண்டலைக் குறிக்கலாம். கட்டி கட்டியாகக் கலந்த நிரப்பு, கூரை இடிந்து விழுந்ததையோ விலங்கே பின்னால் தள்ளி அடைத்ததையோ குறிக்கலாம். சுவரில் நகக்கீறல்கள் இருந்தால் அவற்றின் அகலம், இடைவெளி, எத்தனை கீறல்கள் இணையாகச் செல்கின்றன என்பவை மிகவும் மதிப்புள்ளவை. அவை காற்றுபட்டால் விரைவில் உதிர்ந்துவிடும் என்பதால் அன்றே அச்சு எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது மேல்நோக்கிய தேடல். வளை எந்த மட்டத்திலிருந்து இறங்கியது என்பதை, அது துண்டிக்கப்பட்டு முடியும் இடம்வரை பின்தொடர்ந்து காண வேண்டும். அந்தப் பழைய நிலமட்டமே விலங்கின் காலத்தைச் சொல்லும். எலும்பு கிடக்கும் ஆழம் சொல்லாது. சபத்மலால் சரிவுகளின் மேற்பகுதியில், ஏறத்தாழ 33 லட்சம் ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதலால் உருகி உறைந்த கண்ணாடிக் கசடு காணப்படும் மட்டம் உண்டு. ஒரு வளை அந்த மட்டத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கியிருந்தால், அதற்குக் கீழே கிடக்கும் எலும்புக்கூடு அதைவிட இளையது என்பது ஐயமற்றது.

வளைக்குள் கிடப்பதாலேயே அந்த விலங்குதான் வளையைத் தோண்டியது என்று கொள்ளவும் கூடாது. இன்றைய பாம்பாஸில் விஸ்காச்சா என்னும் கொறித்துண்ணிகள் தோண்டிய வளைகளில் ஆந்தைகள் குடியிருப்பதை டார்வினே எழுதியிருக்கிறார். எலும்புக்கூடு மூட்டு கலையாமல் இருக்கிறதா, உடலின் அகலமும் வளையின் அகலமும் பொருந்துகின்றனவா, நகத்தின் வடிவமும் சுவர்க்கீறலும் ஒத்துப்போகின்றனவா என்ற மூன்றையும் சோதித்து, அவற்றில் குறைந்தது இரண்டு பொருந்தினால் மட்டுமே தோண்டியவர் இவர் என எழுதலாம். இதே முறை பெரிய அளவிலும் பயன்படும். தெற்கு பிரேசிலிலும் மார் தெல் பிளாத்தா பகுதியிலும் ஒரு மனிதர் தவழ்ந்தோ குனிந்தோ செல்லுமளவு பெரிய தொல்வளைகள் உள்ளன. அவற்றைப் பெரிய அர்மடில்லோக்களும் தரைவாழ் ஸ்லாத்களும் தோண்டியிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு, விட்டத்தையும் நகக்கீறலையும் எலும்புகளின் வலிமையையும் சேர்த்துப் பார்த்தே வந்தார்கள்.

அர்ஜென்டினாவில் புதைபடிவங்கள் 2003ஆம் ஆண்டின் 25.743 எண் சட்டத்தால் காக்கப்படுகின்றன. பிரேசிலில் 1942 முதலே இத்தகைய சட்டம் உண்டு. அனுமதி இல்லாதவர் செய்யக்கூடியது படமெடுத்து, இடத்தைக் குறித்து, உள்ளூர் அருங்காட்சியகத்துக்குத் தெரிவிப்பது மட்டுமே. அதுவும் சிறிய பணி அல்ல.

சலித்தெடுத்தல்

முழுத் தாடை கிடைக்காத இடங்களில் மண்ணைச் சலித்தே ஒற்றைப் பற்களைச் சேர்க்க முடியும். மண்ணை நன்றாக உலர்த்தி, பிறகு நீரில் ஊறவைத்தால் களிமண் தானே குலையும். ஈர மண்ணை அப்படியே நீரில் போட்டால் அந்த அளவுக்குக் குலையாது. குலைந்த சேற்றை மேலே 1 மி.மீ., கீழே 0.5 மி.மீ. கண்ணுள்ள சல்லடைகளை அடுக்கி, நீரைப் பீய்ச்சாமல் மெல்ல அசைத்துச் சலிக்க வேண்டும். எஞ்சியதை உலர்த்தி, இருவிழி நுண்ணோக்கியின் கீழ் ஈரத் தூரிகையால் பொறுக்க வேண்டும். விரிசல் விட்ட எலும்புக்கு அசிட்டோனில் கரைத்த பாராலாய்ட் பி-72 என்னும் செயற்கைப் பிசின் போதும். பின்னர் தேவைப்பட்டால் அதைக் கரைத்து நீக்கவும் முடியும். பற்சிப்பி விளிம்புகள் அரித்து மழுங்கியிருந்தால், அந்தப் பல் ஒரு வேட்டைப் பறவை அல்லது ஊனுண்ணியின் வயிற்றின் வழியே வந்திருக்கலாம் என்று குறித்துக்கொள்ள வேண்டும். அப்படியானால் அது வாழ்ந்த இடமும் கிடந்த இடமும் ஒன்றல்ல.

கொறித்துண்ணிதானா?

தென்னமெரிக்கா நெடுங்காலம் தனித்தீவாக இருந்ததால், கொறித்துண்ணிபோலத் தோற்றமளிக்கும் வேறு பாலூட்டிகள் அங்கே பல உருவாயின. பீடோதீரியம், பாகிருக்கோஸ் போன்றவை நோட்டோங்குலேட்டுகள் என்னும் அழிந்துபோன குளம்பிகளின் பெருங்குழுவைச் சேர்ந்தவை. அவற்றின் முன்பற்களும் நீண்ட பல்லிடைவெளியும் முயலையோ கொறித்துண்ணியையோ நினைவூட்டும். ஆர்ஜைரோலாகஸ் இன்னும் வியப்பானது. தத்திச் செல்லும் பாலைவனக் கொறித்துண்ணியின் உருவில் அமைந்த அது, பைம்மாவினங்களின் கிளையைச் சேர்ந்தது. ஒரு தாடைத்துண்டைக் கொண்டு இவற்றைப் பிரிக்க எண்ணிக்கையே முதல் வழி. கொறித்துண்ணிக்குக் கீழ்த்தாடையின் ஒவ்வொரு பக்கமும் ஒரே ஒரு வெட்டுப்பல், அதன் முன்பக்கத்தில் மட்டும் பற்சிப்பி. தென்னமெரிக்காவின் பழைய கொறித்துண்ணிக் குழுவான கேவியோமார்ஃப்களுக்கு அதன்பின் நான்கு கன்னப்பற்கள். கீழ்வெட்டுப்பல் இரண்டாக இருந்தாலோ, கன்னப்பற்கள் நான்கைத் தாண்டினாலோ, கொறித்துண்ணி என்ற பெயரை விட்டுவிட வேண்டும்.

கன்னப்பற்கள் மூன்றே என்றால் அது எலிக் குடும்பத்தின் பக்கம் சேரும். வடக்கிலிருந்து மிகப் பின்னர் வந்த சிக்மோடொன்ட் எலியாக இருக்க வாய்ப்பு அதிகம். அத்தகைய தாடை பத்தகோனியாவின் சாந்தா குரூஸ் படிவில், அதாவது 1.8 கோடி முதல் 1.6 கோடி ஆண்டுப் பழமையுள்ள அடுக்குகளில், கிடைத்ததாக அதனோடு வைத்த சீட்டு சொன்னால், அது வரலாற்றையே மாற்றும் கண்டுபிடிப்பு என்று மகிழ்வதற்கு முன், பிற்கால வளையின் வழியே உள்ளே இறங்கியிருக்குமா என்று பார்ப்பதே முறை. கேவியோமார்ஃப்களின் வருகையோ மிகப் பழையது. பெருவின் கொன்தமானா பகுதியில் கிடைத்த ஈயோசீன் பற்கள் ஏறத்தாழ 4.1 கோடி ஆண்டுப் பழமையானவை என்று 2012இல் வெளியானது. ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து வந்த மூதாதையரின் வழியில் வந்தவை இவை என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்.

தாடை ஓரளவு முழுமையாக இருந்தால் அதை அடிப்பக்கமாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். பின்மூலைத் தகடு வெட்டுப்பல்லைத் தாங்கும் உறையின் வெளிப்பக்கத்திலிருந்து கிளம்பினால், அது முள்ளம்பன்றித் தாடை அமைப்பு, கேவியோமார்ஃப்களின் அடையாளம். மண்டையோடு இருந்தால், கண்குழிக்கு முன்னாலுள்ள துளை பெரிதாக விரிந்து, மெல்லும் தசையின் ஒரு பகுதி அதன் வழியே மூஞ்சிவரை நீண்டிருக்கும்.

மெல்லும் பரப்பை வாசித்தல்

குடும்பத்தைச் சொல்வது பெரும்பாலும் கன்னப்பல்லின் மேற்பரப்பே. முதலில் பக்கவாட்டில் பார்த்து, வேர் உண்டா இல்லையா என்று காண வேண்டும். குட்டையான பல்முடியும் (ஈறுக்கு மேலுள்ள பகுதி) தெளிவான வேரும் கொண்ட பல், சாந்தா குரூஸ் படிவின் ஸ்டெய்ரோமிஸ் போன்ற மரமேறி முள்ளம்பன்றிகளின் பக்கம் இழுக்கும். நெடிய பல்முடி இருந்தும் வயதானபின் வேர் தோன்றினால் நியோரியோமிஸ் போன்றவற்றை நினைக்கலாம். வேரே இல்லாமல் வாழ்நாள் முழுவதும் வளரும் பல்லில், பற்சிப்பியின் கோடு வரைந்திருக்கும் உருவமே முக்கியம்: இரண்டு முக்கோணப் பட்டகங்கள் என்றால் கினிப்பன்றியின் பழைய உறவான ஈயோகார்டியா போன்றவை, குறுக்குத் தகடுகள் என்றால் சின்சில்லா, விஸ்காச்சாவின் கூட்டம், எட்டு என்ற எண்ணின் வடிவம் என்றால் துக்கோ-துக்கோவின் உறவுக் குடும்பமான ஆக்டோடான்டுகள், உட்குழிவு ஆழமின்றிச் சிறுநீரகம்போல எளிமையாகியிருந்தால் துக்கோ-துக்கோவின் கிளை.

இங்கே நிதானம் மிகவும் தேவை. நெடிய பல்முடியும் வேரும் கொண்ட பல்லில், தேயத் தேய மடிப்புகள் மறைந்து, முதலில் தீவுகளாகி, பின் முற்றிலும் அழியும். ஒரே இனத்தின் குட்டியும் கிழமும் இரண்டு இனங்கள்போலத் தோன்றும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அர்ஜென்டினத் தொல்லுயிரியலாளர் புளோரெந்தினோ அமெகினோ, தம்பி கார்லோஸ் பத்தகோனியாவில் சேகரித்து அனுப்பியவற்றைக் கொண்டு வியக்கத்தக்க வேகத்தில் பெயரிட்டார்; பின்வந்தோர் அப்பெயர்களில் பலவற்றை ஒன்றாக இணைத்ததற்குத் தேய்மானமும் ஒரு காரணம். ஆகவே ஒற்றைப் பல்லுக்குப் புதுப் பெயர் தேடாமல், அதே இடத்தின் பற்களைத் தேயாததிலிருந்து தேய்ந்ததுவரை வரிசையாக அடுக்கி, நம் பல் எங்கே பொருந்துகிறது என்று பார்க்க வேண்டும்.

பல்லிலிருந்து உடல் எடையைக் கணிப்பதிலும் இதே நிதானம் வேண்டும். உருகுவேயில் கிடைத்த, அழிந்துபோன மாபெரும் கொறித்துண்ணியான ஜோசப்போஆர்டிகாசியாவின் மண்டையோடு 53 செ.மீ. நீளம். 2008இல் அதன் எடை ஏறத்தாழ 1,000 கிலோ என்றார்கள். அதே ஆண்டில் வந்த மறுகணிப்பு அதைவிடக் குறைவாகக் காட்டியது. இன்று வாழும் கொறித்துண்ணிகளில் அந்த அளவில் எதுவும் இல்லாததால், எந்தச் சமன்பாடும் தன் எல்லைக்கு வெளியே நீட்டப்பட்டே பயன்படுகிறது. எண்ணை எழுதும்போது முறையையும் சேர்த்தே எழுத வேண்டும்.

தோண்டியதா?

தோண்டும் திறனை அளக்க எளிதான எலும்பு முன்கையின் அல்னா. முழங்கைக்குப் பின்னால் நீண்டிருக்கும் முனை ஒரு நெம்புகோல். அது நீளமானால் கையை நீட்டும் தசைக்கு வலிமை கூடும். அந்த முனையின் நீளத்தை, அல்னாவின் மொத்த நீளத்திலிருந்து முனையின் நீளத்தைக் கழித்து வரும் எண்ணால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். மொத்தம் 36 மி.மீ., முனை 12 மி.மீ. என்றால், 24ஆல் வகுத்து 50 கிடைக்கும். அர்மடில்லோக்களில் இந்த எண் கூடக் கூட, தோண்டும் பழக்கமும் கூடுவதாகக் கண்டிருக்கிறார்கள். ஒரு கொறித்துண்ணியின் எண்ணை அர்மடில்லோவோடு ஒப்பிடக் கூடாது. வாழும் கொறித்துண்ணிகளோடுதான் ஒப்பிட வேண்டும். மேற்கை எலும்பின் கீழ்முனை அகன்றிருப்பதும், தோள்தசை பற்றும் மேடு கீழ்நோக்கி இறங்கி உயர்ந்திருப்பதும் துணைச் சான்றுகள். நீந்தும், மரமேறும் விலங்குகளுக்கும் இவற்றில் சில உண்டு என்பதால் ஒன்றை மட்டும் நம்பக் கூடாது. கையோடு வாயும் தோண்டும்: துக்கோ-துக்கோ நகத்தால் கீறி, கெட்டியான மண்ணை வெட்டுப்பல்லால் உடைக்கும். அதனால் வெட்டுப்பல் எந்த அளவு முன்னோக்கிச் சாய்ந்திருக்கிறது என்பதும் பதிவில் இடம்பெற வேண்டும். மெசோதீரியம் போன்ற நோட்டோங்குலேட்டுகளை வளர்ந்துகொண்டேயிருக்கும் முன்பற்களை மட்டும் வைத்துப் பார்த்தால் ஏமாறலாம். தோண்டுதலை உணர்த்துபவை அவற்றின் வலிய கைகளும் பிளவுபட்ட நுனிவிரல் எலும்புகளுமே.

கை தொழிலைச் சொல்லும், குலத்தைச் சொல்லாது. இதற்கு நெக்ரோலெஸ்டெஸ் போல வேறு சான்று இல்லை. சாந்தா குரூஸ் படிவின் இந்தச் சிறு விலங்கை அமெகினோ 1891இல் விவரித்தார். குட்டையாக அகன்ற மேற்கை எலும்பும், முன்கையில் இறுகி எலும்பான தசைநாணும் ஆப்பிரிக்காவின் தங்க அகழெலியோடு ஒத்திருந்ததால், அதன் உறவு என்றே பலர் கருதினர். வேறு சிலர் பைம்மாவினம் என்றனர். நூறாண்டுகளுக்கு மேல் நீடித்த அந்த விவாதம் 2012இல் பற்களையும் மண்டையோட்டையும் மீண்டும் ஆராய்ந்தபோதுதான் தெளிந்தது. அது இரு குழுவிலும் சேராது. டைனோசர் காலத்திலிருந்து தென்னமெரிக்காவில் தொடர்ந்துவந்த, மெரிடியோலெஸ்டிடா என்னும் தொன்மையான பாலூட்டிக் கிளையின் கடைசி உறுப்பினர்களில் ஒன்று. மண்ணுக்கடியில் வாழ்ந்த பழக்கமே அந்தக் கிளை அவ்வளவு காலம் நிலைத்ததற்குக் காரணமாக இருக்கலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்த கருதுகோள்.

பதிவு

1832இல் டார்வின் அர்ஜென்டினாவின் மோந்தே எர்மோசோவில் எடுத்த தாடையை 1840இல் ஆங்கில உடற்கூற்றியலாளர் ரிச்சர்ட் ஓவன் துக்கோ-துக்கோவின் பேரினத்திலேயே சேர்த்துப் பெயரிட்டார். இன்று அது ஆக்டெனோமிஸ். எடுத்த இடம் எழுதப்பட்டிருந்ததால்தான் பெயரைத் திருத்தும்போது சான்று குலையவில்லை. எனவே சீட்டில் இடம், படிவு, அடுக்கின் உயரம், அருகிலுள்ள எரிமலைச் சாம்பல் அடுக்கு, வளைக்குள்ளா வெளியிலா, வளையின் அளவு, எடுத்தவர், நாள் ஆகியவை முதலில் வர வேண்டும். விலங்கின் பெயர் கடைசியில் வரட்டும். சான்று குடும்பம்வரை மட்டுமே எட்டினால் குடும்பத்தின் பெயரோடு நிறுத்திவிடலாம். வளையின் உள்நிரப்பிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து, எலும்பின் அதே எண்ணை எழுதி, அதே பெட்டியில் வைக்க வேண்டும்; அதிலுள்ள எரிமலைக் கண்ணாடித் துகள்களையும் தாவர நுண்சிலிக்காவையும் பிறிதொருவர் பின்னாளில் சோதிக்க அது மட்டுமே வழி.