.இன் டொமைன் பதிவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டொமைன் பெயரை, அதாவது இணையதள முகவரியை, ‘வாங்கிவிட்டேன்’ என்று சொல்லும்போதே முதல் பிழை நேர்ந்துவிடுகிறது. முகவரியின் கடைசிப் பகுதியான முடிவுகளில், இந்தியாவுக்குரிய .இன் (.in) முடிவில் எந்தப் பெயரும் யாருக்கும் நிரந்தரச் சொத்தாவதில்லை. ஓராண்டு முதல் 10 ஆண்டுகள் வரை அதைப் பயன்படுத்தும் உரிமை மட்டுமே கிடைக்கிறது. 1989இல் உருவான இந்த முடிவில் உள்ள பெயர்களின் பதிவேட்டைப் பராமரிக்கும் பதிவகத்தை, 2003இல் தொடங்கப்பட்ட லாப நோக்கற்ற நிறுவனமான நிக்ஸி நடத்துகிறது. பெயர்களைப் பதிந்து தர அதன் அங்கீகாரம் பெற்ற பதிவாளர்களும், அவர்களுக்குக் கீழே மறுவிற்பனையாளர்களும், பல சமயம் அதற்கும் கீழே நமக்கு இணையதளம் அமைத்துத் தருபவரும் இருக்கிறார்கள்.

பெரிய இழப்புகள் இந்தக் கடைசிப் படியில்தான் நிகழ்கின்றன. சிறு கடைக்காரர் ஒருவர், தளத்தை வடிவமைப்பவரிடமே ‘பெயரையும் நீங்களே பதிந்துவிடுங்கள்’ என்று சொல்லிவிடுவார். அவரும் தம் கணக்கில், தம் மின்னஞ்சலைக் கொடுத்து, தம் பெயரிலேயே பதிந்துவிடுவார். இதில் பெரும்பாலும் வஞ்சகம் இல்லை, சோம்பல்தான். ஆனால் இருவருக்கும் மனக்கசப்பு வரும் நாளில், பணம் கட்டிய ரசீது யாரிடம் இருக்கிறது என்பதைவிட, பதிவேட்டில் உரிமையாளராக யார் பெயர் இருக்கிறது என்பதே முன்னிற்கும். வேறு பதிவாளரிடம் மாறுவதற்குத் தேவைப்படும் ரகசியக் குறியீடும் அந்தக் கணக்கின் வழியாகத்தான் கிடைக்கும். ஆகவே கணக்கை உங்கள் பெயரிலேயே திறந்து, வடிவமைப்பவருக்குத் தேவையான அனுமதியை மட்டும் கொடுங்கள்.

பதிவு விவரங்களில் பொய் முகவரி கொடுப்பதும், உண்மையான உரிமையாளரை மறைக்கும் பதிலிச் சேவையைப் பயன்படுத்துவதும் அடுத்த தவறு. பிற முடிவுகளில் சாதாரணமாகக் கிடைக்கும் இத்தகைய சேவைக்கு .இன் விதிகளில் இடமில்லை. அடையாளச் சான்று கேட்கப்படும்போது பதிவு விவரமும் சான்றும் பொருந்தாவிட்டால் பெயர் முடக்கப்படலாம்.

எல்லா முடிவும் எல்லோருக்கும் திறந்தவை என்று எண்ணிவிடவும் கூடாது. .கோ.இன், .ஆர்க்.இன் போன்றவற்றை யாரும் பதியலாம்; .கவ்.இன் அரசுக்கும், .ஏசி.இன் கல்வி நிறுவனங்களுக்கும் உரியவை. வங்கிகள் 2025 அக்டோபர் 31க்குள் .பேங்க்.இன் முடிவுக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டதும், அதற்குரிய ஒரே பதிவாளராக ஹைதராபாத்தில் உள்ள வங்கித் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனமான ஐடிஆர்பிடிக்கு நிக்ஸி அங்கீகாரம் அளித்ததும், போலி வங்கித் தளங்களைத் தடுக்கும் முயற்சியே. தமிழில் எழுதப்படும் .இந்தியா முடிவும் தனி; .இன் பெயரைப் பதிந்தவருக்கு அது தானாக வந்து சேராது.

புகழ்பெற்ற வணிகச் சின்னத்தை முந்திக்கொண்டு பதிந்து, பின்னர் நல்ல விலைக்கு விற்கலாம் என்ற கணக்கும் இங்கே எளிதில் பலிக்காது. இத்தகைய தகராறுகளுக்கு நிக்ஸி வகுத்த ஐஎன்டிஆர்பி என்ற நடுவர் முறை உள்ளது. .காம் போன்ற உலகளாவிய முடிவுகளுக்கான முறையில், தீய நோக்கத்துடன் பதிந்ததையும் பயன்படுத்தியதையும் சேர்த்தே நிரூபிக்க வேண்டும்; .இன் முறையில் இரண்டில் ஒன்று போதும்.

கடைசியாக, மிக அற்பமாகத் தோன்றும் ஒன்று. கணக்கின் தொடர்பு மின்னஞ்சலாக அதே டொமைனில் உள்ள முகவரியையே கொடுப்பவர்கள் பலர். பெயர் காலாவதியாகிச் செயலிழந்தால் அந்த முகவரியும் சேர்ந்தே செயலிழக்கும். பிறகு வரும் எச்சரிக்கைகளும், கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பும் எவருக்கும் போய்ச் சேரா. பெயர் நீக்கப்பட்ட பின் 30 நாள் மீட்புக் காலம் உண்டு என்றாலும், அதற்கான கட்டணம் வழக்கமான புதுப்பித்தல் தொகையைவிடப் பன்மடங்கு அதிகம். அந்தக் காலமும் கடந்துவிட்டால், அதே பெயரை வேறு யார் வேண்டுமானாலும் முறைப்படி பதிந்துகொள்ளலாம்.