தரங்கம்பாடிக்கு முதல் தடவை போறீங்களா? வெள்ளிக்கிழமை வேணாம், மத்தியானம் வேணவே வேணாம்

முக்கால்வாசி பேர் தரங்கம்பாடிய பாக்கற விதம் இதுதான்: திருக்கடையூர்ல தாத்தா பாட்டிக்கு சதாபிஷேகம், இலை போட்டு சாப்பாடு, "பக்கத்துலதான் ஏதோ டேனிஷ் கோட்டை இருக்காம்"னு யாராவது கிளப்பி விட, மொத்த குடும்பமும் வேன்ல ஏறி ரெண்டு மணி வெயில்ல இறங்கி, கோட்டை முன்னாடி ஒரு குரூப் போட்டோ, ஆளுக்கொரு ஐஸ், முடிஞ்சுது. வீட்டுக்கு வந்து "அங்க ஒண்ணுமே இல்லப்பா"ன்னு ரிவ்யூ வேற.

அந்த ஊர ஒரு மணி நேரத்துல பாக்க முடியாது, ஆனா மூணு நாளும் தேவையில்ல. ஒரு சாயங்காலம், ஒரு ராத்திரி, மறுநாள் அரை நாள் போதும். எந்த வரிசைல பாக்கறீங்கங்கறதுலதான் விஷயமே இருக்கு.

ஸ்டெப் 1: கிழமைய பாருங்க

பஸ், ரூம் எல்லாத்துக்கும் முன்னாடி இது. கோட்டைக்குள்ள இருக்கற அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை லீவு. தமிழ்நாட்டு அரசு மியூசியம் பலதுக்கும் வெள்ளிதான் லீவு, ஆனா ஊர்ல பாதி பேருக்கு ஞாயிறோ திங்களோ தான் லீவுன்னு ஒரு நினைப்பு. வியாழன் ராத்திரி கெளம்பி லாங் வீக்கெண்ட் போடறவங்க நேரா இதுலதான் வந்து மாட்டறாங்க. மத்த நாள்லயும் காலைல பத்து மணிக்கு மேலதான் திறப்பாங்க, சாயங்காலம் அஞ்சுக்கு முன்னாடியே உள்ள இருக்கற மாதிரி பாத்துக்கங்க.

அப்புறம் ஞாயிறு காலைல சர்ச்சுல ஆராதனை நடக்கும். அந்த நேரத்துல கேமராவோட உள்ள போய் நிக்காதீங்க. மத்த நாள்ல கதவு சாத்தியிருந்தா பூட்டிட்டாங்கன்னு திரும்பிடாம, பக்கத்துல யார்கிட்டயாவது மரியாதையா கேளுங்க, பெரும்பாலும் சாவி வச்சிருக்கறவர் அங்கதான் எங்கயாவது இருப்பாரு.

எனக்கு கேட்டா சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல போய் இறங்கி, ஞாயிறு பதினோரு பன்னண்டு மணிக்கு கெளம்பறது, இல்லன்னா திங்கள்-செவ்வாய். மாசம்னா ஜனவரி, பிப்ரவரி. அக்டோபர்லேந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்கு பருவமழை, புயல் சின்னம்னு ஒண்ணு வந்துச்சுன்னா ரூமுக்குள்ளயே உக்காந்திருக்கணும்.

ஸ்டெப் 2: போய்ச் சேர்றது

ரயில்ல வர்றவங்க மயிலாடுதுறை ஜங்ஷன்ல இறங்கணும். சென்னைலேந்து சோழன்ல பகல்ல வரலாம், உழவன்ல வந்தா விடியக்காலைல இறக்கி விட்டுடும். அங்கேந்து செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியா பொறையார் போற பஸ்ல ஏறுங்க, 30 கிலோமீட்டர் கிட்ட வரும். (முன்னாடி மயிலாடுதுறை-தரங்கம்பாடி ரயிலே ஓடிட்டிருந்துச்சு, 1986-ல நிறுத்திட்டாங்க.) நேரா பஸ்லன்னா சிதம்பரம், சீர்காழி வழியா காரைக்கால், நாகப்பட்டினம் போற வண்டி எதுலயும் வரலாம்.

ஏறும்போதே கண்டக்டர்கிட்ட "கோட்டைக்கு போற ஆர்ச் கிட்ட இறக்கி விடுங்கண்ணே"ன்னு சொல்லி வச்சிடுங்க. தூங்கிட்டீங்கன்னா அடுத்து பொறையார்தான். ஆனா பொறையார்ல இறங்கினாலும் ஒண்ணும் குடி முழுகிடாது, ரெண்டு கிலோமீட்டர்தான், ஆட்டோ கிடைக்கும்.

ஸ்டெப் 3: ரூம்

கடலப் பாத்தாப்ல இருக்கற பழைய பங்களா ஒண்ணு ஹோட்டலா நடக்குது, வெள்ளக்காரன் காலத்து கலெக்டர் வீடு. கையில காசு இருந்தா அங்கயே ஒரு ராத்திரி தங்கிடுங்க, வேற யோசனையே வேணாம். பட்ஜெட்னா திருக்கடையூர், இல்ல காரைக்கால்.

இதுலதான் ஒரு சிக்கல். திருக்கடையூர்ல லாட்ஜுக்கு பஞ்சமே இல்ல, ஆனா முகூர்த்த நாள்ல அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம்னு மொத்தமா புக் பண்ணிடுவாங்க, மிச்சம் மீதி ரூமுக்கு அவங்க சொல்றதுதான் ரேட்டு. காலண்டர்ல முகூர்த்தம் பாத்துட்டு ரூம் போடுங்க. இத எந்த ட்ராவல் ஆப்பும் உங்களுக்கு சொல்லாது, வீட்ல தொங்கற தினசரி காலண்டர் சொல்லும்.

ஸ்டெப் 4: ஆர்ச்சுலேந்து நடங்க

இதுதான் முக்கியமான ஸ்டெப், வண்டிய கோட்டை வாசல் வரைக்கும் கொண்டு போகாதீங்க. ரோட்டோரம் வெள்ளையா ஒரு வளைவு நிக்குது பாருங்க, 1792-ல கட்டின நகர வாசல். டேனிஷ்காரன் ஊர சுத்தி மதில் வச்சிருந்தான், அதுக்கு நிலத்துப் பக்க வாசல் இது. இதுக்குள்ள நுழைஞ்சா ராஜா வீதி, கிங்ஸ் ஸ்ட்ரீட், ஒரே கோடா கடல்ல போய் முடியும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல வெயில் முதுகுப் பக்கம் இருக்கும், எதிர்ல கடல் காத்து, கண்ணு கூசாது. ரெண்டு மணிக்கு நடந்தா அதே தெரு தண்டனை.

1620-ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரங்களுக்கு இங்க எடம் குடுத்தாரு, மிளகும் துணியும் வாங்கிப் போகத்தான் வந்தாங்க. 1845-ல இந்த ஊரையும் வங்காளத்து செராம்பூரையும் சேர்த்து பன்னண்டரை லட்சத்துக்கு இங்கிலீஷ்காரன்கிட்ட வித்துட்டு போயிட்டாங்க. அப்புறம் கொஞ்ச வருஷம் தஞ்சாவூர் ஜில்லாவுக்கே இதுதான் தலைநகரம், பிறகு ரயில், வியாபாரம்லாம் நாகப்பட்டினத்துக்கு போனதும் ஊர் அப்படியே அடங்கிடுச்சு. பழைய வீடெல்லாம் இடிச்சு காம்ப்ளக்ஸ் கட்டாம தப்பிச்சதுக்கு அந்த நஷ்டம்தான் காரணம்னு நான் நினைக்கறேன்.

தெருவுல ரெண்டு சர்ச். சீயோன் சர்ச் 1701, பழசு. புது எருசலேம் சர்ச் 1718, முகப்புல கிரீடத்தோட ஒரு முத்திரை இருக்கும், டென்மார்க் ராஜா நாலாம் பிரெடரிக்கோடது. ஜெர்மனிலேந்து மதம் பரப்ப வந்த பாதிரியார் சீகன்பால்க இங்கதான் அடக்கம் பண்ணியிருக்காங்க. 1706-ல கப்பல்ல வந்து இறங்கி, திண்ணைப் பள்ளிக்கூடத்துல பசங்களோட உக்காந்து மணல்ல அ, ஆ எழுதிப் பழகின மனுஷன், 1715-ல தமிழ்ல புதிய ஏற்பாட்ட இதே ஊர்ல அச்சடிச்சு வெளியிட்டாரு. நீங்க இப்ப ஃபோன்ல தமிழ் படிக்கறீங்க இல்ல, தமிழ் எழுத்த ஈயத்துல வார்த்து அச்சடிச்ச கதைல இந்தத் தெருவுக்கு பெரிய பங்கு உண்டு. அவர் இருந்த வீட்ட சரி பண்ணி மியூசியமா வச்சிருக்காங்க, திறந்திருந்தா கட்டாயம் உள்ள போங்க. கோட்டை மியூசியத்த விட எனக்கு இதுதான் புடிக்கும்.

அன்னிக்கு கோட்டைக்குள்ள போக வேணாம். வெளிலேந்து பாத்துட்டு கடற்கரைல உக்காருங்க. "ஓசோன் காத்து"ன்னு சொல்லுவாங்க, அத நம்பி வர வேணாம், சாதா கடல் காத்தே நல்லாத்தான் இருக்கு. குளிக்கறதெல்லாம் வேணாம், கருங்கல்லா கொட்டி வச்சிருக்கு, அலையும் இழுக்கும்.

ஸ்டெப் 5: மறுநாள்

விடியறதுக்கு முன்னாடி எழுந்து மாசிலாமணிநாதர் கோயில். 1306-ல மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துல எழுப்பினது, அதாவது டேனிஷ்காரன் வர்றதுக்கு முந்நூறு வருஷம் முன்னாடியே இங்க ஊர் இருந்துச்சு. அந்தக் கல்வெட்டுல ஊர் பேரு சடங்கன்பாடி. பழைய கோயில்ல பெரும் பகுதி கடல் கொண்டு போயிடுச்சு, இப்ப வழிபாடு நடக்கறது புதுப்பிச்ச கோயில்ல. கடல அரிக்க விடாம முன்னாடி கல் அடுக்கியிருக்கு, அது மேல ஏறி செல்ஃபி எடுக்காதீங்க, பாசி.

டிபன் முடிச்சுட்டு பத்து மணிக்கு கோட்டை. மேல மாடில மியூசியம், எல்லாரும் அத பாத்துட்டு கெளம்பிடறாங்க. கீழ்த்தளத்துல வளைகூரை ரூம் வரிசையா இருக்கு: கிடங்கு, சிறை, சமையல்கட்டு. அங்கதான் நேரம் செலவு பண்ணணும், வெளில கொளுத்தும்போது உள்ள குளுகுளுன்னு இருக்கும். மொட்டை மாடிலேந்து எதிர் மைதானத்துக்கு அந்தப் பக்கம் கவர்னர் பங்களா தெரியும்.

என்ன எடுத்துட்டு போகணும்: தொப்பி வேணாம், குடைதான். கடல் காத்துல தொப்பி நிக்காது, மரமும் கம்மி. ஷூ வேணாம், செருப்பு போதும், கோயில், சர்ச்னு கழட்டி மாட்டியே வெறுத்துப் போயிடும். தண்ணி பாட்டில் ஆளுக்கு ஒண்ணு. பெரிய கேமராவுக்கு ஃபோனே மேல், ஆனா உப்புக் காத்து லென்ஸ்ல படிஞ்சிடும், ஒரு காட்டன் துணி வச்சு அப்பப்ப தொடைங்க.

அப்டேட்: "நாகப்பட்டினம் மாவட்டம்னு போட்டு ஆபீஸ் நம்பர் தேடினேன், கிடைக்கல"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தாரு. 2020-லேந்து இது மயிலாடுதுறை மாவட்டம், பழைய கட்டுரைலாம் நாகைன்னே இருக்கும், நீங்க மயிலாடுதுறைன்னு தேடுங்க.

இன்னொரு அப்டேட்: சாப்பாடு பத்தி நான் எழுதவே இல்லன்னு திட்டு. கோட்டை பக்கம் சாய்ஸ் கம்மி, மத்தியானச் சாப்பாட்டுக்கு பொறையார் கடைத்தெருவுக்கு போயிடுங்க. காரைக்கால்ல தங்கறவங்க திரும்பி வரும்போது பையில "சரக்கு" வச்சுக்கிட்டு வராதீங்க, அது புதுச்சேரி எல்லை, நண்டலாறு செக்போஸ்ட்ல வண்டிய நிறுத்திப் பாப்பாங்க.

அரை நாள் எக்ஸ்ட்ரா இருந்தா எங்க போகலாம்னு கேட்டவங்களுக்கு: தில்லையாடி, பக்கத்துலதான், தென்னாப்பிரிக்காவுல காந்தியோட போராட்டத்துல ஜெயிலுக்கு போன வள்ளியம்மைக்கு நினைவு மண்டபம் இருக்கு, 1915-ல காந்தியே வந்துட்டு போன ஊர். பூம்புகார் 20 கிலோமீட்டர் சுமாருக்கு வடக்க, ஆனா அதையும் இதையும் ஒரே நாள்ல அடைக்காதீங்க, அதுக்கு தனியா ஒரு போஸ்ட் எழுதறேன்.