மருந்துக்கடையில் எடைக் குறைப்பு ஆலோசனை: கவுன்டரில் நடக்கும் தவறுகள்

எடைக் குறைப்பு ஆலோசனை தொடங்கும் கடைகள் பெரும்பாலும் முதலில் வாங்கி அடுக்குவது புரோட்டீன் பவுடரைத்தான். முதல் தவறே அது. முதலில் வேண்டியது ஒழுங்கான எடை மெஷின், சுவரில் பதித்த உயர அளவுகோல், இழுத்தால் நீளாத டேப். மெஷினைக் கால்மிதி விரிப்பின் மேல் வைத்தால் எடை மாறிக் காட்டும். கெட்டியான சமதரையில் வையுங்கள். செருப்பு, கைப்பை, செல்போன் எல்லாம் கீழே.

அடுத்தது கணக்கு. 158 செ.மீ. உயரம், 62 கிலோ எடை உள்ள பெண்ணின் பிஎம்ஐ (எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது) 24.8. மெஷினோடு வரும் சார்ட், 25 தாண்டவில்லை என்று "நார்மல்" சொல்லிவிடும். நம்மவர்களுக்கான வரம்பு வேறு: 23-லேயே அதிக எடை, 25-லேயே உடல்பருமன். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. எட்டினாலே கவனிக்க வேண்டும். பெல்ட் போடும் இடத்திலோ புடவைக் கொசுவத்தின் மேலோ அளந்தால் அந்த எண் எதற்கும் உதவாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, இயல்பாக மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். பெண்களை அளக்கத் திரை மறைவும் பெண் ஊழியரும் தேவை.

அதிகம் கோட்டைவிடுவது, ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளைக் கேட்காததில். வீட்டிலுள்ள மாத்திரை எல்லாவற்றையும் பையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். சர்க்கரைக்கான இன்சுலின், கிளிமெபிரைடு, பயோகிளிட்டசோன், மனநோய்க்கான ஒலான்சபைன், வலிப்புக்கான வால்புரோயேட், ஸ்டீராய்டு: எல்லாமே எடை ஏற்றக்கூடியவை. அதற்காக "நிறுத்திப் பாருங்க" என்று சொல்லிவிடாதீர்கள். குறித்து டாக்டருக்கு எழுதுவதோடு நம் வேலை முடிந்தது. கர்ப்பிணி, பாலூட்டும் தாய், 18 வயதுக்குக் கீழ், காரணமில்லாமல் திடீரென எடை ஏறியவர் அல்லது இறங்கியவர் நேரே டாக்டரிடம் போக வேண்டியவர்கள்.

சாப்பாட்டுக் கொழுப்பு உடலில் சேராமல் தடுக்கும் ஆர்லிஸ்டாட் வாங்குபவரிடம் எண்ணெய்ப் பலகாரம் தின்றால் மலத்தோடு எண்ணெய் கசியும் என்று முன்பே சொல்லாவிட்டால், இரண்டாம் நாளே அட்டையைத் திருப்பிக் கொண்டுவருவார். தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் 4 மணி நேரம், வைட்டமினுக்கு 2 மணி நேரம் இடைவெளி வேண்டும்.

எடை குறைக்கும் ஊசி விஷயத்தில் அவசரம்தான் வினை. டிர்செபடைடு ஊசி வாரம் 2.5 மி.கி.யில் தொடங்கி, 4 வாரம் கழித்துத்தான் 5 மி.கி. "பெரிய டோஸே குடுங்க" என்பவருக்கு வாந்தியும் நீரிழப்பும்தான் மிஞ்சும். டாக்டர் சீட்டு இல்லாமல் கையில் எடுக்கவே வேண்டாம். கிளிமெபிரைடோ இன்சுலினோ கூடவே இருந்தால் தாழ் சர்க்கரை வரலாம். கிளிமெபிரைடு, இன்சுலின் டோஸைக் குறைப்பது பற்றி டாக்டரிடம் பேசினார்களா என்று கேளுங்கள். விடாத வயிற்றுவலி முதுகுக்குப் பரவினால் ஊசியை நிறுத்தி உடனே மருத்துவமனை. ஊசியை வைப்பது ஃப்ரிட்ஜில், 2–8 டிகிரியில். ஃப்ரீசரை ஒட்டியோ ஐஸ் பேக்கில் நேராகப் படும்படியோ வைத்து உறைந்துவிட்டால், உருகியபின் பார்க்கத் தெளிவாக இருந்தாலும் குப்பைக்குத்தான்.

"ஒரே மாதத்தில் 10 கிலோ குறைய மருந்து" என்று வாசலில் போர்டு வைப்பது வேறு வம்பு. உடல்பருமனுக்கு மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. பெயர் தெரியாத "மூலிகை" ஸ்லிம்மிங் பவுடரையும் அடுக்காதீர்கள். 2011-இல் இந்தியாவில் தடைசெய்யப்பட்ட சிபுட்ரமைன் என்ற பசியடக்கும் மருந்து இதுபோன்ற பொடிகளில் கலந்து பிடிபட்டிருக்கிறது.

இலக்கு ஆறு மாதத்தில் 5 முதல் 10 சதவீதம் போதும். 78 கிலோ என்றால் முதல் குறி 4 கிலோ. இடையில் எடை ஏறிவிட்டவர் கூச்சத்தில் கடைப்பக்கமே வரமாட்டார். அப்படியும் வந்தவரிடம், நாலு பேர் நிற்கும்போது "என்னக்கா, ஏறிடுச்சே?" என்று கேட்காமல், எண்ணை அட்டையில் எழுதி அவர் பக்கம் திருப்பி வையுங்கள்.