லென்ஸ் புதியதா, பழையதா? வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேனான் 50 மி.மீ. 1.8 போன்ற ஒரு லென்ஸைச் செகண்ட் ஹேண்டில் தேடி அலைவதைத்தான் முதல் தவறாகச் சொல்வேன். புதிதாகவே குறைந்த விலைக்குக் கிடைக்கும் அந்த லென்ஸைப் பழையதாக வாங்கினால் மிச்சமாவது சிறு தொகை. கைவிட்டுப் போவதோ வாரண்டி. பழுதானால் சர்வீஸ் செலவு லென்ஸ் விலையையே நெருங்கிவிடும். 70-200 மி.மீ. 2.8 போன்ற விலை உயர்ந்த லென்ஸ் என்றால் கணக்கு வேறு. நன்றாகப் பராமரித்த ஒன்றைப் பழையதாக வாங்கும்போது மிச்சமாகும் பணத்தில் பின்னால் வரும் ஒரு பழுதைச் சரிசெய்துகொள்ளலாம். ஆகவே, மிச்சமாகும் தொகை வரக்கூடிய பழுதைத் தாங்குமா என்பதை ஒவ்வொரு லென்ஸுக்கும் தனித்தனியே பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

எந்தத் தொகையும் தாங்காத பழுது முற்றிய பூஞ்சை. வால்பாறையில் பல ஆண்டுகள் பயன்பட்ட ஒரு லென்ஸை நான் கோவையில் ஒரு மாலை நேரத்தில் டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்து வாங்கினேன்; முன்கண்ணாடி பளிச்சென்று இருந்தது. வீட்டுக்கு வந்து, வெளிச்சம் நுழையும் துளையான அபர்ச்சரை முழுவதும் திறந்து, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, சற்றுச் சாய்த்துப் பார்த்தபோது, உள்கண்ணாடி ஒன்றின் ஓரத்தில் சிலந்தி நூல் போல வெண்மையாகக் கிளை விட்டிருந்தது. தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் பூஞ்சையைத் துடைத்து எடுக்கலாம். அது கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிட்டால், துடைத்த பிறகும் தடம் மறையாது. மணவறைக்குப் பின்னால் விளக்கு எரியும்போது எடுக்கும் படங்களில் கறுப்பு நிறம் வெளிறிப் புகை படர்ந்தது போலத் தெரிவது அதனால்தான். மலைத் தேயிலைத் தோட்டப் பகுதிகளிலிருந்து வரும் லென்ஸை டார்ச் இல்லாமல் பார்க்கவே கூடாது என்பது அன்று முதல் என் வழக்கம்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. டார்ச் அடித்தால் எந்த லென்ஸிலும் தூசி தெரியும். ஜூம் லென்ஸ் நீண்டு சுருங்கும்போது காற்றை உள்ளிழுப்பதால், திருப்பூர் பனியன் கம்பெனிகளில் படம் எடுப்பவர்களின் லென்ஸுக்குள் பஞ்சுத் துகள்கள் புகுந்திருப்பது இயல்பு. நாலைந்து துகள்கள் படத்தில் தெரிவதில்லை. அதைக் காரணம் காட்டி விலையைக் குறைத்துக் கேட்கலாமே தவிர, நல்ல லென்ஸை ஒதுக்குவது நமக்குத்தான் நட்டம்.

கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் காங்கேயம் காளையின் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் யாரும் விலை பேசுவதில்லை. லென்ஸை மட்டும் விற்பவர் அனுப்பிய இரண்டு படங்களை நம்பி முன்பணம் அனுப்பிவிடுகிறோம். உங்கள் கேமராவையும் மெமரி கார்டையும் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். முன்கண்ணாடியின் மேல் யூவி ஃபில்டர் மாட்டியிருந்தால் கழற்றச் சொல்லுங்கள். கீறல் அதன் பின்னால் இருக்கலாம். செங்கல் சுவர் ஒன்றுக்கு நேரெதிரே நின்று, அபர்ச்சரை முழுவதும் திறந்து ஒரு படம் எடுத்து, இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் பெரிதாக்கி ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருந்தால், பெரும்பாலும் உள்கண்ணாடி அச்சு விலகியிருக்கும். லென்ஸ் கீழே விழுந்திருக்கக்கூடும். பிறகு அபர்ச்சரை 16 என்ற அளவுக்குச் சுருக்கி வரிசையாகப் பத்துப் படங்கள் எடுங்கள். டிஎஸ்எல்ஆரில் சில படங்கள் மட்டும் அதிக வெளிச்சமாக வந்தால், அபர்ச்சர் இதழ்களில் எண்ணெய் கசிந்து அவை சிக்கிக்கொள்வதாக இருக்கலாம். லென்ஸைக் கேமராவில் மாட்டும் பகுதியான மவுண்டின் திருகுகளில் தலை தேய்ந்திருந்தால், யாரோ ஏற்கெனவே பிரித்திருக்கிறார்கள்.

பொருத்தத்தைப் பார்க்காமல் வாங்குவதும் அடிக்கடி நடக்கிறது. நிக்கான் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் ஃபோகஸ் மோட்டார் இல்லை. தனக்கென மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸை அவற்றில் மாட்டினால், கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

புதிதாக வாங்குபவர்கள் செய்யும் தவறு, பெட்டி பிரிக்காதது என்பதாலேயே நிம்மதியாகிவிடுவது. விலை வழக்கத்தைவிடக் குறைவாக இருந்தால், அது வேறு நாட்டுச் சந்தைக்கான சரக்காக இருக்கலாம். கடைக்காரர் தரும் வாரண்டியும் நிறுவனத்தின் இந்திய வாரண்டியும் ஒன்றல்ல. பில்லில் உள்ள சீரியல் எண்ணும் லென்ஸில் உள்ளதும் ஒன்றுதானா என்று கடையிலேயே பாருங்கள். அந்தச் செங்கல் சுவர்ச் சோதனையைப் புதிய லென்ஸுக்கும் வாங்கிய அன்றே செய்துவிடுங்கள். அச்சு விலகிய லென்ஸ் புதுப் பெட்டியிலும் வருவதுண்டு, ஒரு கல்யாணத்தைப் படமெடுத்து முடித்த பிறகு கொண்டுபோனால் மாற்றித் தரச் சொல்லி வாதாடுவது கடினம்.