தோள்ல தூக்குற ராட்சச பொம்மை: முதல் தடவை செய்றவங்களுக்கு

ஊர்வலத்துல பத்தடி உயரத்துக்கு ஒரு பொம்மை கைய ஆட்டிக்கிட்டு நடந்து வந்தா சின்னப் பசங்க மட்டுமில்ல பெரியவங்களும் அண்ணாந்து பாத்துக்கிட்டே நிப்பாங்க. நாலு பேர் சேர்ந்தா ரெண்டு மூணு வாரத்துல செஞ்சிடலாம். ஆனா முதல்ல பக்கத்துல ஒரு எடை மெஷின் வச்சுக்கோங்க. மொத்தமா 6 கிலோ தாண்டக்கூடாது, அதுல தலை 1 கிலோ, இதான் என் கணக்கு. மேல எடை கூடக்கூட பொம்மை லேசா சாஞ்சாலே கீழ தூக்குறவர் தோளையும் இடுப்பையும் பிடிச்சு இழுக்கும், நான் முதல்ல செஞ்ச தலை 3 கிலோ வந்துச்சு, அதைத் தூக்கின தம்பி பத்து நிமிஷத்துல கழட்டி வச்சிட்டான், பாவமா இருந்துச்சு. 2021ல துருக்கியில இருந்து இங்கிலாந்து மான்செஸ்டர் வரைக்கும் கிட்டத்தட்ட 8000 கிலோமீட்டர் பயணம் போன லிட்டில் அமல் பொம்மை மூன்றரை மீட்டர் உயரம், அதோட உடம்பையே பிரம்பு, கார்பன் ஃபைபர்னு லேசான பொருள்லதான் செஞ்சாங்க.

முதல்ல முதுகுச் சட்டம். மலையேறுறவங்க மாட்டுற, வெளிப்பக்கம் அலுமினிய ஃபிரேம் இருக்குற பழைய பேக்பேக் கிடைச்சா பாதி வேலை முடிஞ்சுது. இடுப்பு பெல்ட் கட்டாயம் வேணும், எடை தோள்ல இல்லாம இடுப்புல உக்காரணும். ஃபிரேம் நடுவுல ஒரு மூங்கில் கம்பை நேரா நிக்க வச்சு மூணு இடத்துல கேபிள் டை (இழுத்து இறுக்குற பிளாஸ்டிக் பட்டை) போட்டு இறுக்குங்க. பிவிசி பைப் வேணாம், நீளமா நின்னா வளைஞ்சு ஆடும். பொம்மையோட தோளுக்கு குறுக்க ஒரு மெல்லிசு மூங்கில், அவ்ளோதான்.

இப்ப தலை, இங்கதான் பொறுமை வேணும். அட்டைப்பெட்டியை ஒன்றரை இஞ்ச் அகலத்துக்கு பட்டை பட்டையா வெட்டுங்க. அட்டைக்குள்ள அலை அலையா இருக்குற வரிகள் பட்டைக்கு குறுக்க வர்ற மாதிரி வெட்டணும், நீளவாக்குல வந்துச்சுன்னா வளைக்கும்போது மடங்கி உடைஞ்சிடும். பட்டைகளை வளையமாக்கி ஒன்னோட ஒன்னு குறுக்க வச்சு ஹாட் க்ளூ (சூடாக்கி உருக்கி ஒட்டுற பசை) போட்டு கூடை மாதிரி ரெண்டரை அடி தலை கட்டுங்க. மூக்கு, புருவம், கன்னத்தை தனியா ஒட்டி நல்லா துருத்திக்கிட்டு நிக்க விடுங்க, கண்குழி ஆழமா இருக்கட்டும், வெயில் மேல இருந்து விழும்போது அந்த நிழல்தான் முகத்துக்கு உயிர் குடுக்கும்.

மேல ஒட்ட நியூஸ்பேப்பரை விட பிரவுன் பேப்பர் பெட்டர், நார் நீளம், கிழியாது. தண்ணில நனைச்சு கசக்கிப் பிழிஞ்சா துணி மாதிரி ஆயிடும். கத்தரிக்கோல் வேணாம், கையால கிழிங்க, கிழிஞ்ச ஓரம் பிசிறா இருக்கும், அது ஒன்னோட ஒன்னு கலந்து தடம் தெரியாம உக்காரும். ஒரு கப் மைதாவுக்கு அஞ்சு கப் தண்ணி ஊத்தி கட்டி இல்லாம காய்ச்சி ஆறவச்ச பசை, ரெண்டு பக்கமும் தடவி ரெண்டு விரலுக்கு நடுவுல இழுத்து அதிகப்படி பசையை வழிச்சு விடுங்க, எடை கூடுறது பேப்பரால இல்ல, இந்த பசையாலதான். ஒரு லேயர் முழுசா காயாம அடுத்தது போடாதீங்க, பூஞ்சை பிடிக்கும். ரெண்டாவது லேயருக்கு வேற கலர் பேப்பர் எடுத்தா எங்க விட்டுப்போச்சுன்னு பளிச்னு தெரியும். ரெண்டு போதும், தாடையில மட்டும் மூணு.

பின்மண்டையை மூடாதீங்க, கறுப்பு வலைத்துணி கட்டி விடுங்க, காத்து உள்ள புகுந்து வெளிய போயிடும், இல்லைன்னா பாய்மரம் மாதிரி இழுத்துட்டுப் போகும். பெயின்ட் அடிச்சிட்டு 50 அடி தள்ளி நின்னு பாருங்க, அங்க இருந்து தெரியாத கோடு எதுவும் தேவையில்ல.

கைகளை ஃபோம்ல வெட்டி, மணிக்கட்டுல நீள மூங்கில் குச்சி கட்டி, ஆளுக்கு ஒன்னா ரெண்டு பேர் பிடிச்சு ஆட்டணும். உடைக்கு மெல்லிசு துணி போதும், ஓரம் தரையில இருந்து ஒரு ஜாண் மேல நிக்கட்டும், காலுல மாட்டக்கூடாது. தூக்குறவர் கண்ணு வர்ற இடத்துல கறுப்பு வலை ஜன்னல் வைங்க.

முந்தின நாளே வழி முழுக்க நடந்து பாத்து கரண்ட் ஒயர், மரக்கிளை எங்க தாழ்வா இருக்குன்னு குறிச்சுக்கோங்க, ஒயர் தாழ்வா இருந்தா அந்த வழியே வேணாம். உள்ள இருக்கிறவருக்கு பக்கவாட்டுல எதுவும் தெரியாது, அதனால முன்னாடி ஒருத்தர் பேசிக்கிட்டே போகணும், 20 நிமிஷத்துக்கு ஒருக்க ஆள் மாறணும். காத்து வேகமா அடிச்சா யோசிக்காம இறக்கிடுங்க.

அப்புறம் மெதுவா, ரொம்ப மெதுவா அசைங்க. ஒரு குழந்தை பக்கம் உடம்போட திரும்பி, மனசுக்குள்ள மூணு எண்ணி, அதுக்கப்புறம் கையைத் தூக்குங்க.