பால்போல் வெளுக்காமல் ஒளிரும் கண்ணாடி: நான் செய்யும் முறை

முதல் முறை எனக்குக் கிடைத்தது பால்கோவா நிறத்தில் ஒரு வில்லை. 980 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசரைக் காட்டினால் பச்சையாகப் பளிச்சென்று ஒளிர்ந்தது. அடியில் செய்தித்தாளை வைத்தால் ஓர் எழுத்து தெரியவில்லை. ஒளிர்வும் தெளிவும் சேர்ந்து வர எனக்கு ஐந்து வார்ப்புகள் தேவைப்பட்டன. உலையும் புகை உறிஞ்சும் அறையும் உள்ள ஆய்வகத்துக்குத்தான் இது. வீட்டில் முயல வேண்டாம்.

ஒளியை உமிழும் எர்பியம் என்ற அருமண் தனிமத்தை வெறும் சிலிக்கா கண்ணாடியில் போட்டால், வாங்கிய ஆற்றலைப் பெரும்பாலும் வெப்பமாகவே விட்டுவிடும். சுற்றியுள்ள அணுக்களின் அதிர்வு ஆற்றல் கூடக் கூட இந்த இழப்பும் கூடும். சிலிக்கா வலையின் அதிர்வு ஆற்றல் 1100 செ.மீ⁻¹ அளவு, லாந்தனம் ஃப்ளோரைடு போன்ற படிகத்தில் 350 அளவுதான். அதனால் ஆக்சைடு கண்ணாடிக்குள் ஃப்ளோரைடு நானோபடிகங்களை வளர்த்து, எர்பியத்தை அவற்றில் குடியேற்றுகிறோம். 1993-இல் ஜப்பானில் வாங், ஓவாக்கி இருவரும் இதைச் செய்து காட்டினார்கள்: படிகம் 20 நானோமீட்டர், ஒளிர்வு, படிகம் வளராத மூலக் கண்ணாடியைவிடச் சுமார் 100 மடங்கு. அவர்கள் கலவையில் ஈயமும் காட்மியமும் உண்டு. அந்தப் புகையோடு மல்லுக்கட்ட எனக்கு விருப்பமில்லை. கால்சியம் ஃப்ளோரைடுக்கு மாறினேன்.

15 கிராம் கண்ணாடிக்கு: சிலிக்கா 5.18, அலுமினா 3.91, கால்சியம் கார்பனேட் 1.92, கால்சியம் ஃப்ளோரைடு 3.74, இட்டெர்பியம் ஃப்ளோரைடு 0.88, எர்பியம் ஃப்ளோரைடு 0.215 கிராம். பொடிகளை முந்தின நாளே அடுப்பில் உலர்த்தி வையுங்கள். அகேட் உரலில் அரை மணி நேரம் அரைத்தால் போதும்.

இனி உருக்குவது. பிளாட்டினம் மூசை (உருக்கும் கிண்ணம்), மேலே மூடி, 1400° செ., 45 நிமிடம். மூடியை மறக்கவே கூடாது. சூட்டில் ஃப்ளோரின் சிலிக்காவோடு சேர்ந்து சிலிக்கான் டெட்ராஃப்ளோரைடு வாயுவாகப் பறந்துவிடும். போன ஃப்ளோரின் போனதுதான், அப்புறம் எவ்வளவு சூடேற்றினாலும் படிகம் சரியாக வராது. அலுமினா மூசையில் ஒருமுறை சிக்கனம் பார்த்தேன். உருகல் மூசைச் சுவரையே அரித்து, என் கலவை என் கலவையாகவே இல்லை.

எவ்வளவு ஃப்ளோரின் போனது என்று அறிய எளிய வழி, மூசையை உருக்கும் முன்னும் பின்னும் நிறுப்பது. இதற்கென்றே ஒரு வார்ப்பை ஊற்றாமல் மூசையிலேயே ஆறவிடுங்கள். கார்பனேட்டிலிருந்து வெளியேற வேண்டிய கார்பன் டைஆக்சைடு 0.84 கிராம். அதற்கு மேல் குறைந்தால் ஃப்ளோரின் ஓடியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் ஃப்ளோரைடும் வரும். அது தோலில் பட்டால் தடவ, கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

உருகலைப் பித்தளைத் தட்டில் ஊற்றி, இன்னொரு தட்டால் உடனே அழுத்துங்கள். மெதுவாக ஆறினால் அங்கேயே வெளுக்கத் தொடங்கிவிடும். பிறகு உள்தகைவு (சட்டென்று ஆறியதில் உள்ளே தங்கிய இறுக்கம்) போக 500° செ.-இல் இரண்டு மணி நேரம் வைத்து, உலையோடு சேர்த்து ஆறவிடுங்கள்.

இப்போதுதான் நான் கோட்டைவிட்ட இடம். எந்தச் சூட்டில் படிகம் வளர்ப்பது? யாரோ எழுதிய எண்ணை அப்படியே எடுக்காதீர்கள். ஒரு துணுக்கை டி.எஸ்.சி. கருவியில் (சூடேற்றும்போது பொருள் வெப்பத்தை வாங்குவதையும் விடுவதையும் அளப்பது) ஓட்டி, கண்ணாடி இளகும் வெப்பநிலையையும் முதல் படிக முகட்டையும் பாருங்கள். என் கண்ணாடிக்கு 620-உம் 710-உம் சொச்சம். நான் அவசரப்பட்டு 710-இலேயே வைத்தேன், பால்கோவா. அதோடு உலையின் காட்டியும் 15 டிகிரி குறைத்துச் சொல்லிக்கொண்டிருந்தது, இது பிறகு தனி வெப்ப இணையை (வெப்பநிலை அளக்கும் கம்பி) உள்ளே வைத்தபோதுதான் தெரிந்தது. இப்போது 660-இல் நான்கு மணி நேரம் வைக்கிறேன். சிறு படிகத்தின் ஒளிச்சிதறல் அதன் விட்டத்தின் ஆறாம் அடுக்கில் ஏறும். விட்டம் இரட்டித்தால் ஒவ்வொரு படிகமும் 64 மடங்கு சிதறடிக்கும். 30 நானோமீட்டருக்குள் நிறுத்துவது நல்லது.

படிகத்தின் அளவை எக்ஸ்.ஆர்.டி. (எக்ஸ் கதிர் படிகத்தில் பட்டுத் திரும்பும் கோணங்களை அளக்கும் முறை) சொல்லும். கால்சியம் ஃப்ளோரைடின் கோடுகள் தாமிர எக்ஸ் கதிரில் 28.3, 47.0, 55.8 டிகிரியில் வரும். 47-இன் கோட்டு அகலம் அரை டிகிரி என்றால் கோட்டு அகலத்திலிருந்து படிக அளவைக் கணக்கிடும் ஷெரர் சமன்பாட்டின்படி படிகம் ஏறக்குறைய 17 நானோமீட்டர். கருவியின் சொந்த அகலத்தைக் கழித்த பிறகு, சரியா?

கடைசியில் லேசர். 980 கண்ணுக்குத் தெரியாது, அதனாலேயே ஆபத்து. அந்த அலைநீளத்துக்கான பாதுகாப்பு மூக்குக்கண்ணாடி அணியாமல் விசையைத் தொடாதீர்கள். இட்டெர்பியம் லேசரின் ஆற்றலை வாங்கிக் கொடுக்க, எர்பியம் 525, 545-இல் பச்சையும் 660-இல் சிவப்பும் உமிழும். வெளிச்சம் கூடியதைப் பார்த்து மயங்காமல் நிறமாலையை உற்றுப் பாருங்கள். மூலக் கண்ணாடியில் மழுங்கலாக இருந்த முகடு கூர்மையாகிச் சின்னச் சின்னதாகப் பிளந்திருக்க வேண்டும். பிளக்கவில்லையா? படிகம் வந்திருக்கும், எர்பியம் வெளியே கண்ணாடியிலேயே உட்கார்ந்திருக்கும்.